தலைக்குள் ஒரு சுவிட்ச்!

குழந்தை இல்லை என்றதும் மருமகளை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகாதீர்கள். மகனின் தலைக்குள் இருக்கிற கொண்டைக்கடலையையும் கொஞ்சம் கவனியுங்கள்!

விடியற்காலை நாலு மணி. நாமக்கல்லைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு ரோட்டில் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஊரே இருட்டில் தூங்குகிறது. ஆனால் தூரத்தில், காட்டுக்கு நடுவே, நீள நீளமான கொட்டகைகளில் மட்டும் வரிசையாக பல்பு எரிகிறது. "கோழிக்கு எதுக்குங்க இந்நேரத்துல லைட்டு?" என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். "லைட்டு இல்லீன்னா முட்டை கொறஞ்சு போயிருமுங்க" என்பார், சர்வ சாதாரணமாக.

உண்மைதான். முட்டைக்கோழிக்கு ஒரு நாளைக்கு சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். சூரியன் கொடுப்பது பன்னிரண்டு மணி நேரமும் சொச்சமும். மீதியை பல்பு கொடுக்கிறது.

வெளிச்சத்துக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்? அந்த வெளிச்சம் போய்ச் சேருகிற இடம் கோழியின் வயிறு இல்லை, அதன் தலை! அங்கே மூளைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும் 'பிட்யூட்டரி' என்ற சுரப்பியைத்தான் பண்ணைக்காரர் தினமும் பல்பு போட்டு எழுப்புகிறார்.

அதே சுரப்பி உங்கள் கணவர் தலையிலும் இருக்கிறது. உங்கள் மகன் தலையிலும் இருக்கிறது. அவர்கள் அப்பா ஆவதும் ஆகாததும் பெரிய அளவுக்கு அதன் கையில்தான். இந்த விஷயம் தெரியாமல் சில இளைஞர்கள் காசு கொடுத்து ஊசி வாங்கி, தங்கள் சுவிட்சைத் தாங்களே அணைத்துக்கொள்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

"ஏதாச்சும் விசேஷமுங்களா?"

சேலமும் நாமக்கல்லும் ஒரே மாவட்டமாக இருந்து 1997-ல் பிரிந்தன. ஆனால் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனதும் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்வி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்: "ஏதாச்சும் விசேஷமுங்களா?"

'இல்லை' என்றால் அடுத்து நடப்பதும் ஒன்றுதான். மருமகளுக்கு ஸ்கேன், மருமகளுக்கு ரத்த டெஸ்ட், மருமகளுக்கு மாத்திரை, மருமகளுக்கு விரதம். "ஏனுங்க டாக்டர், எம் பையனுக்கு ஒரு கொறையுமில்லீங்க. நல்லா திம்பான், நல்லா லோடு தூக்குவான். இவளத்தான் நல்லாப் பாக்கோணும்" என்பார் மாமியார்.

லோடு தூக்குவதற்கும் விந்தணு உற்பத்திக்கும் சம்பந்தமே கிடையாது! உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறு தாமதத்தைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. சில இடங்களில் அது மட்டுமே காரணம், சில இடங்களில் இருவர் தரப்பிலும் கொஞ்சம் கொஞ்சம்.

ஆண் தரப்புக் காரணங்களில் பலவற்றுக்கு மருந்து மாத்திரையால் பெரிதாகச் செய்ய முடிவதில்லை. ஆனால் மருந்தாலேயே நன்றாகச் சரிசெய்யக்கூடிய ஒரு வகை உண்டு. அதுதான் பிட்யூட்டரி கோளாறு. எண்ணிக்கையில் இது குறைவு. நூறு பேரில் ஒருவர், இருவர் என்கிற கணக்கு. ஆனால் அந்த ஒருவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்?

கொண்டைக்கடலை செய்கிற வேலை

மூக்கின் வேருக்குப் பின்னால், மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் ஒரு சின்னக் குழி. அதில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது பிட்யூட்டரி. அளவு ஒரு கொண்டைக்கடலை. எடை சுமார் அரை கிராம். அதற்கு மேலே மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ் இருக்கிறது. அது முதலாளி. பிட்யூட்டரி மேஸ்திரி. விரைகள் வேலை செய்கிற பட்டறை.

பிட்யூட்டரியில் இருக்கிற செல்களில் பத்தில் ஒரு பங்குதான் இந்த வேலைக்கானவை. அவை இரண்டு ஹார்மோன்களைச் செய்து ரத்தத்தில் அனுப்புகின்றன. ஒன்று எல்.ஹெச். இது விரைக்குப் போய், "டெஸ்டோஸ்டிரோன் தயாரி" என்று உத்தரவு போடும். மீசை, குரல், தசை, ஆசை எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிற ஆண் ஹார்மோன் அதுதான். இன்னொன்று எஃப்.எஸ்.ஹெச். இது விந்தணுக்களை வளர்க்கிற செவிலித்தாய் செல்களுக்குப் போய், "பிள்ளைகளைக் கவனி" என்று சொல்லும்.

இந்த இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஒவ்வொன்றும் இரண்டு பாதிகள் சேர்ந்து ஆனது. ஒரு பாதி இரண்டுக்கும் ஒரே அச்சு. மறு பாதிதான் வேறு. இவற்றைச் செய்வதற்கான குறிப்புகள், அதாவது ஜீன்கள், மூன்று இடங்களில் இருக்கின்றன. பொதுப் பாதிக்கு 6-வது குரோமோசோம், எஃப்.எஸ்.ஹெச்.சின் தனிப் பாதிக்கு 11-வது, எல்.ஹெச்.சின் தனிப் பாதிக்கு 19-வது.

"ஜீன் என்றால் அப்பா அம்மாவிடமிருந்து வருவது, அதை யார் மாற்ற முடியும்?" என்று நினைக்காதீர்கள். ஜீன் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. உங்கள் வீட்டு அலமாரியில் சமையல் புத்தகம் இருக்கிறது என்பதற்காக தினமும் அதில் உள்ள எல்லாவற்றையுமா சமைக்கிறீர்கள்? இன்றைக்கு எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்களோ அதுதானே அடுப்பில் ஏறும்! செல்லும் அப்படித்தான். உடம்பில் அநேகமாக எல்லா செல்லிலும் எல்லா ஜீனும் இருக்கிறது. எந்த செல் எந்த நேரத்தில் எந்த ஜீனைத் திறக்கிறது என்பதில்தான் சூட்சுமம். எல்.ஹெச். ஜீனும் எஃப்.எஸ்.ஹெச். ஜீனும் உங்கள் கட்டை விரலிலும் இருக்கின்றன. ஆனால் அங்கே அவை மூடிக் கிடக்கின்றன. பிட்யூட்டரியில் திறக்கின்றன.

சரி, திறப்பது யார்?

தட்டினால் திறக்கும், அழுத்தினால் மூடும்

ஹைப்போதலாமஸிலிருந்து வரும் ஒரு சின்ன ரசாயனம்தான் அந்தக் கதவைத் தட்டுகிறது. பெயர் ஜி.என்.ஆர்.ஹெச். வெறும் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளிலிருந்தும், ரோஜர் கில்லமின் ஆட்டு மூளைகளிலிருந்தும் போட்டி போட்டுக்கொண்டு இதைத் தேடினார்கள். 1971-ல் அதன் அமைப்பு தெரியவந்தது. 1977-ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ரசாயனம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி சதா ஒழுகிக்கொண்டிருப்பதில்லை. ஆண்களிடம் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 'டக்' என்று ஒரு தட்டு. அப்புறம் அமைதி. மறுபடி ஒரு தட்டு. ராத்திரி பகல் பார்க்காமல் இப்படித்தான்.

இடைவிடாமல் கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எர்ன்ஸ்ட் நோபில் என்பவரின் குழு குரங்குகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. மணிக்கு ஒரு தடவை, 6 நிமிடம் மட்டும் மருந்து கொடுத்தபோது பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. அதே மருந்தை விடாமல் ஏற்றியபோது எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டுமே அடங்கிப் போயின! 1978-ல் வெளியான ஆராய்ச்சி இது.

வீட்டுக் காலிங் பெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு தடவை அடித்தால் எழுந்து போய்த் திறப்பீர்கள். ஒருவன் பெல்லிலிருந்து கையை எடுக்காமலே நின்றால்? ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வீர்கள். பிட்யூட்டரியும் அதைத்தான் செய்கிறது. இந்தக் குணத்தையே டாக்டர்கள் மருந்தாகவும் மாற்றிவிட்டார்கள். புராஸ்டேட் புற்றுநோயில் டெஸ்டோஸ்டிரோனை அடக்குவதற்கு, விடாமல் பெல் அடிக்கிற இதே வகை ஊசியைத்தான் போடுகிறார்கள்.

தட்டுகிற வேகத்திலும் செய்தி இருக்கிறது. அடிக்கடி தட்டினால் எல்.ஹெச். ஜீன் அதிகம் திறக்கும். நிதானமாகத் தட்டினால் எஃப்.எஸ்.ஹெச். ஜீன் அதிகம் திறக்கும். ஒவ்வொரு தட்டும் செல்லுக்குள் ஈ.ஜி.ஆர்-1 என்ற ஒரு தூதுவனைக் கிளப்பிவிடுகிறது. அந்தத் தூதுவன் போய் எல்.ஹெச். ஜீனின் வாசலில் உட்கார்ந்த பிறகுதான் அது திறக்கிறது.

அந்த வாசலுக்கும் முக்கியத்துவம் உண்டு. எஃப்.எஸ்.ஹெச். ஜீன் முழுசாக நன்றாக இருந்தும், அதன் வாசல் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் ரத்தத்தில் அந்த ஹார்மோன் குறைகிறது. எஸ்தோனியா நாட்டு இளைஞர்களிடம் செய்த ஆராய்ச்சி 2008-ல் இதைக் காட்டியது.

கோழிப் பண்ணை பல்பும் இதே கதைதான். 1930-களில் ழாக் பெனுவா என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஆண் வாத்துகளை வைத்துச் சோதனை செய்தார். கண்ணை மறைத்துவிட்டாலும், தலையில் வெளிச்சம் பட்டால் அவற்றின் விரைகள் வளர்ந்தன. பறவைகளுக்கு வெளிச்சம் மண்டை ஓட்டைத் தாண்டி நேராக மூளைக்கே போய்விடுகிறது! 2008-ல் ஜப்பானில் காடையை வைத்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். பகலை நீட்டிய முதல் நாளே, விடிந்து சுமார் 14 மணி நேரத்தில், பிட்யூட்டரியின் ஒரு மூலையில் ஒரு ஜீன் விழித்துக்கொள்கிறது. அது ஹைப்போதலாமஸை எழுப்புகிறது, அது பிட்யூட்டரியைத் தட்டுகிறது. பண்ணைக்காரர் போடுகிற சுவிட்சுக்குப் பின்னால் இத்தனை சுவிட்ச்!

மனிதனுக்கு பல்பு வேண்டியதில்லை. நமக்கு மேலே இன்னொரு மேலதிகாரி உண்டு. பெயர் கிஸ்பெப்டின். அமெரிக்காவில் 'கிஸ்ஸஸ்' சாக்லேட்டுக்குப் பேர் போன ஹெர்ஷி என்ற ஊரில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர்! அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஜீன் பழுதானால் பிள்ளைகள் பருவத்துக்கே வருவதில்லை என்பது 2003-ல் தெரிந்தது.

டேங்க் நிறைந்தால் மோட்டார் நிற்கும்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

ஒரு தோட்டத்துக் கிணறு. அதில் ஒரு மோட்டார். மோட்டார் ஓடினால் முதலில் கிணற்றடியில் இருக்கிற நாற்றங்கால் நனையும். மிச்சத் தண்ணீர் வீட்டு மொட்டை மாடி டேங்குக்குப் போகும். டேங்க் நிறைந்தால் சுவிட்ச் தானாக அணைந்துவிடுகிற ஏற்பாடும் உண்டு.

மோட்டார்தான் விரை. நாற்றங்கால்தான் விந்தணு. டேங்க் என்பது உங்கள் ரத்தம். சுவிட்ச் என்பது பிட்யூட்டரி. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவுக்கு ஏறியதும் தலைக்குச் செய்தி போகிறது. தட்டுவது குறைகிறது, எல்.ஹெச். ஜீன் அடங்குகிறது. அதே மாதிரி, விரையிலிருந்து வரும் இன்ஹிபின் என்ற இன்னொரு ஹார்மோன் எஃப்.எஸ்.ஹெச். ஜீனை அளவோடு நிறுத்தி வைக்கிறது. அருமையான ஏற்பாடு!

இப்போது யாரோ ஒருவர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து மாடி டேங்கை நிரப்பிவிட்டார் என்று வையுங்கள். டேங்க் தளும்புகிறது. சுவிட்ச் என்ன நினைக்கும்? 'தண்ணி நிறைய இருக்கு' என்று மோட்டாரை நிறுத்திவிடும். வீட்டில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும். ஆனால் கிணற்றடி நாற்றங்கால்? காய்ந்து கருகிப் போகும்!

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் நடப்பது இதுவேதான். விந்தணு வளர்வதற்கு, விரைக்குள்ளேயே ஊறுகிற டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். அங்கே அதன் அடர்த்தி ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. ஊசி மருந்தால் அந்த அளவை எட்டவே முடியாது. தசை ஏறும், ஆசைகூட ஏறலாம். விந்தணு மட்டும் குறைந்துகொண்டே போய், பலருக்குப் பூஜ்யத்துக்கே வந்துவிடும். விரைகளும் சுருங்கும்.

இது பயமுறுத்தல் இல்லை. டெஸ்டோஸ்டிரோனை ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஊசியாகவே சோதித்திருக்கிறார்கள்! உலக சுகாதார நிறுவனம் 7 நாடுகளில் 271 ஆண்களுக்கு வாரம் ஒரு ஊசி, 200 மில்லிகிராம் வீதம் போட்டுப் பார்த்தது. அவர்களில் விந்தணு அடியோடு மறைந்துபோன 157 பேர், வேறு எந்தக் கருத்தடையும் இல்லாமல் ஒரு வருடம் வரை அந்த ஊசியை மட்டும் நம்பி இருந்தார்கள். மொத்தத்தில் உண்டான கர்ப்பம் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று! 1990-ல் வெளியான முடிவு இது.

குழந்தை வரக் கூடாது என்பதற்காகப் போட்டுப் பார்த்த ஊசியை, 'ஆண்மை பெருகும்' என்று நினைத்துப் போட்டுக்கொள்கிறான் நம் பையன்.

எங்கிருந்து வருகிறது? ஜிம்மில் 'சீக்கிரம் பாடி ஏறும்' என்று ஒரு அண்ணன் கொடுப்பது ஒரு வழி. பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'இளைஞர்களே, கவலை வேண்டாம்' என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்து லாட்ஜ் ரூமில் போய் வாங்குகிற பேர் தெரியாத பொடி, ஊசி இன்னொரு வழி. அதில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, பல சமயம் விற்கிறவருக்கும் தெரியாது. டெஸ்டோஸ்டிரோன் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. குழந்தை வேண்டும் என்கிற ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோனை மட்டும் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டியும் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே உங்களுக்கு யாராவது இந்த ஊசியை எழுதிக் கொடுத்தால், "எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லீங்க டாக்டர்" என்ற ஒரு வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள்.

பெங்களூரில் ஒரு முயற்சி

'மோட்டாரை நிறுத்தாமல் நாற்றங்காலுக்குப் போகிற வாய்க்காலை மட்டும் அடைக்க முடியுமா?' என்று நம் நாட்டிலேயே யோசித்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் என்.ஆர்.முத்கல் என்ற விஞ்ஞானி, எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனுக்கு எதிராகத் தடுப்பூசி போட்டு ஆண் குரங்குகளிடம் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வேறெந்தக் குரங்கும் இல்லை. நம் மலைக்கோயில் படிகளில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற அதே நாட்டுக் குரங்கு! எஃப்.எஸ்.ஹெச். அடங்கியதும் விந்தணு குறைந்தது, டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை. ஆட்டின் எஃப்.எஸ்.ஹெச்.சைக் கொண்டு செய்த தடுப்பூசியை ஐந்து ஆண்களுக்குப் போட்டுப் பார்த்த முடிவு 1997-ல் வந்தது.

அதே வருஷம் அமெரிக்காவின் ஹூஸ்டனில் டி.ராஜேந்திர குமாரும் சகாக்களும் எஃப்.எஸ்.ஹெச். ஜீனே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். பெண் எலிகள் மலடாகிவிட்டன. ஆண் எலிகளுக்கு விரை சிறுத்தது, விந்தணு குறைந்தது. ஆனாலும் அவை அப்பா ஆகிவிட்டன! 'அப்படியென்றால் ஆணுக்கு எஃப்.எஸ்.ஹெச். தேவையே இல்லையா?' என்று பெரிய விவாதம். அடுத்த ஆண்டே, அந்த ஜீன் பழுதான ஆண்களைப் பற்றிய செய்திகள் வந்தன. அவர்களுக்கு விந்தணு இல்லை. எலிக்குச் சரியானது மனிதனுக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இப்படிப்பட்ட குரங்கும் எலியும் கற்றுக்கொடுத்த பாடத்தால்தான் இன்றைக்கு டாக்டர்களால் பழுது எங்கே என்று பார்த்துச் சிகிச்சை செய்ய முடிகிறது.

காயில் போச்சா, கரண்டு வரலையா?

மோட்டார் ஓடவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் முதலில் என்ன பார்ப்பார்? மோட்டாரின் காயில் புகைந்துவிட்டதா, இல்லை கரண்டே வரவில்லையா என்றுதானே! டாக்டரும் அதைத்தான் பார்க்கிறார்.

முதல் படி, விந்துப் பரிசோதனை. இரண்டிலிருந்து ஏழு நாள் வரை உறவு இல்லாமல் இருந்து கொடுக்க வேண்டும். லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு என்பது 2021-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனக் கையேடு சொல்லும் கீழ் எல்லை. அதற்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. காரணம் தேட வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை குறைந்துவிட்டால் இடிந்துபோக வேண்டாம். ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். அதனால் இன்னொரு தடவை பார்ப்பார்கள்.

இரண்டாம் படி, காலையில் ஒரு ரத்தப் பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., தேவைப்பட்டால் புரோலாக்டின், தைராய்டு.

எஃப்.எஸ்.ஹெச். மிக அதிகமாக இருந்தால்? தலையிலிருந்து கரண்டு முழு வீச்சில் வருகிறது, மோட்டார்தான் பழுது. சிறு வயதில் விரை இறங்காமல் இருந்தது, அம்மைக்கட்டு வந்து விரை வீங்கியது, பிறவிக் குரோமோசோம் கோளாறு என்று காரணங்கள் பல.

விந்தணுவும் குறைவு, டெஸ்டோஸ்டிரோனும் குறைவு, ஆனால் எல்.ஹெச்.சும் எஃப்.எஸ்.ஹெச்.சும் ஏறாமல் அடியில் கிடக்கின்றன என்றால்? கரண்டே வரவில்லை! மோட்டார் நன்றாகவே இருக்கலாம். இதுதான் சந்தோஷப்பட வேண்டிய ரிப்போர்ட்.

எல்லா ஹார்மோனும் சரி, விந்தணு மட்டும் பூஜ்யம் என்றால் வழியில் எங்காவது அடைப்பு இருக்கலாம். அது தனிக் கதை, அதற்கும் வழி உண்டு.

சுவிட்ச் ஏன் அணைகிறது?

மல்லிகை வாசம் தெரியாத பையன்: பதினான்கு வயது தாண்டியும் விரை வளரவில்லை, குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை. கூடவே பூ வாசமும் தாளிக்கிற வாசமும் தெரியவில்லை. உடனே டாக்டரிடம் காட்டுங்கள். 'கால்மன் நோய்' ஆக இருக்கலாம். ஜி.என்.ஆர்.ஹெச். செல்கள் கருவில் மூக்குப் பக்கம் பிறந்து, வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு நடந்து போகின்றன. வழி காட்டுகிற ஜீன் பழுதானால் அவை பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால்தான் வாசனையும் இல்லை, பருவமும் வருவதில்லை. அப்படி ஒரு ஜீனை 1991-ல் கண்டுபிடித்தார்கள்.

பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாத டிரைவர்: அடிக்கடி தலைவலி, ஆசை குறைவு, நேரே தெரிகிற ரோடு தெரிகிறது, ஓரத்தில் வருகிற வண்டி தெரியவில்லை. பிட்யூட்டரியில் புற்றுநோய் அல்லாத ஒரு சின்னக் கட்டி வளர்ந்து, மேலே ஓடும் பார்வை நரம்பை அழுத்தலாம். புரோலாக்டின் சுரக்கும் கட்டி என்றால் ஜி.என்.ஆர்.ஹெச். தட்டுவதே அடங்கிவிடும். லாரித் தொழிலை நம்பி இருக்கிற நம் ஊரில் இது குழந்தை விஷயம் மட்டுமில்லை, உயிர் விஷயம். நல்ல செய்தி, இந்த வகைக் கட்டி பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையிலேயே சுருங்கும். சில மனநல மருந்துகளும், வாந்திக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும்கூடப் புரோலாக்டினை ஏற்றும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தலையில் பலத்த அடி: பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து பிழைத்தவருக்கு, பிட்யூட்டரி பழுதானது மாதங்கள் கழித்துத் தெரியலாம். "அந்த ஆக்சிடென்டுக்கு அப்புறம் ஒரு மாதிரி சோர்ந்தே இருக்காருங்க" என்று மனைவி சொன்னால் அலட்சியம் செய்யக் கூடாது.

தொப்பை: கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. அது தலைக்குப் போய் சுவிட்சை இறக்கிவிடுகிறது. இது எடை குறைந்தால் மறுபடி ஏறக்கூடியது.

கரண்டு கொடுக்கலாம்

பிட்யூட்டரி அனுப்பாத ஹார்மோனை ஊசியாகக் கொடுப்பதுதான் சிகிச்சை. ஆனால் டெஸ்டோஸ்டிரோனை அல்ல! எல்.ஹெச்.சுக்குப் பதிலாக ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன். இது கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரில் கிடைப்பது. ஆச்சரியமாக, ஆணின் விரையில் எல்.ஹெச். செய்கிற அதே வேலையைச் செய்கிறது. வாரம் இரண்டு, மூன்று ஊசி. சில மாதம் கழித்தும் விந்தணு வரவில்லை என்றால் கூடவே எஃப்.எஸ்.ஹெச். ஊசி.

பொறுமை முக்கியம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை ஆகலாம். செலவும் உண்டு. ஆனால் பருவமே வராத பல பிள்ளைகள் இப்படி அப்பா ஆகியிருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவாக வந்தாலே இயற்கையாகக் கரு தங்குவதும் உண்டு. இதை ஹார்மோன் நிபுணரோ, ஆண் குழந்தையின்மை பார்க்கிற சிறுநீரகவியல் நிபுணரோ பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆரம்பிப்பதற்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன.

கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகள்

"தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் எனக்கு எதற்கு டெஸ்ட்?"
உறவில் ஈடுபட முடிவது வேறு, விந்தணு இருப்பது வேறு. விந்துத் திரவத்தில் விந்தணுவின் பங்கு மிகமிகக் கொஞ்சம். பூஜ்யமாக இருந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

"தெரியாமல் ஜிம்மில் ஊசி போட்டுக்கொண்டுவிட்டேன். இனி அவ்வளவுதானா?"
இல்லை. நிறுத்திவிட்டு டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கருத்தடை ஆராய்ச்சிகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஆறு மாதத்திலும், பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வருஷத்திலும் விந்தணு பழைய நிலைக்கு வந்தது என்று 2006-ல் கணக்கிட்டார்கள். ஆனால் அவை அளந்து கொடுத்த ஊசிகள். ஜிம்மில் அளவு ரொம்ப அதிகம் என்பதால் இன்னும் தாமதமாகலாம்.

"நாமக்கல் முட்டை தினமும் நாலு சாப்பிட்டால் சரியாகுமா?"
முட்டை நல்ல உணவு, சந்தேகமே இல்லை. ஆனால் பிட்யூட்டரி சுவிட்சை முட்டையால் போட முடியாது.

"ராத்திரி லாரி ஓட்டுகிறவர். தூக்கமே இல்லை. பாதிக்குமா?"
தூக்கத்தில்தான் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கிய இளைஞர்களுக்கு அது 10 முதல் 15 சதவிகிதம் இறங்கியதை 2011-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்ஜின் சூடு வேறு. விரைகள் உடம்பை விட இரண்டு, மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டியவை. லோடு இறக்கிய இடத்தில் நன்றாகத் தூங்கட்டும்.

"எவ்வளவு நாள் காத்திருந்து டாக்டரிடம் போவது?"
ஒரு வருஷம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம். போகும்போது இரண்டு பேரும்!

திருச்செங்கோட்டு மலையில் நிற்கிறாரே அர்த்தநாரீஸ்வரர், அவரைக் கும்பிட்டுவிட்டு வந்துதான் பாதி வீடுகளில் மருமகளை மட்டும் ஸ்கேனுக்கு அனுப்புகிறோம். பாதி ஆண், பாதி பெண் என்று மலை மேல் பார்த்தது இறங்கி வருவதற்குள் மறந்துபோகிறது!

இதைப் படிக்கிற நீங்கள் மாமியாராக இருந்தால், அடுத்த தடவை மருமகளுக்கு டாக்டரிடம் டோக்கன் போடும்போது மகன் பெயருக்கும் ஒன்று போடுங்கள். மனைவியாக இருந்தால், இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படுகிற மாதிரி டி.வி. பக்கத்தில் திறந்து வையுங்கள். நீங்களே அந்தக் கணவராக இருந்தால், ஒரு காலை நேரம், ஒரு சின்னப் பாட்டில், ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான் வேலை. உங்கள் மனைவி இதற்குள் எத்தனை ஊசி குத்திக்கொண்டிருப்பார் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். கூச்சம் தானாகப் போய்விடும்.